போல்ட்டைத் தனியாக வை

கம்மவான்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

நீ அனுப்பிய எட்டுப் படங்களும் வந்தன. நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த சேதி ஒரே வரி: "அப்பா, இதை வாங்கலாமா?" வாங்கலாமா என்று கேட்கிறாய், ஆனால் ரைஃபிள் கிடக்கும் மேசை உன் வீட்டு மேசை. பாப்பா காம்பஸால் கீறிய கோடு அதில் அப்படியே இருக்கிறது. யாரிடம் கதை விடுகிறாய்?

போகட்டும். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிள். கிரீடம், அதன் கீழ் ஜார்ஜ் ராஜாவின் குறியான ஜி.ஆர்.ஐ., செய்த தொழிற்சாலை இஷாப்பூர், 1942, ரகம் நம்பர் 1 மார்க் 3, பக்கத்தில் நட்சத்திரம். முத்திரையில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன் தாத்தா பர்மாவில் சுமந்ததும் இந்தச் சாதிதான். அதற்காகத்தான் வாங்கினாய் என்றால் அதைச் சொல்லியிருக்கலாம், நான் சந்தோஷப்பட்டிருப்பேன். தோட்டா நிரப்பும் மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகு போகிறதே, உடைந்ததை ஒட்டவைத்தது என்று நினைத்துவிடாதே. மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்ட திருகு அது. விற்றவனுக்கு அது தெரிந்திருக்காது.

கட்டையைத்தான் கெடுத்திருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி ஆக்கிவிட்டார்கள். வலப்பக்கம் முத்திரை இருந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. நீயும் தேய்க்காதே. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தடவு, போதும். இரும்பையும் பளபளப்பாக்காதே. கருமை போனால் மதிப்பும் போயிற்று.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நான்காவது படத்தில் ரைஃபிளின் உடம்பில் உள்ள எண் 47 என்று முடிகிறது. போல்ட் என்பது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டு, அதிலும் அதே எண் இருக்க வேண்டும். போல்ட் கைப்பிடியின் பின்னால் 74. வேறு ஏதோ ரைஃபிளின் போல்ட்டை இதில் மாட்டியிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் வந்த நம்பர் 4 ரைஃபிளில் போல்ட் தலைக்கு அளவு எண் உண்டு, மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். நம்பர் 1-இல் அந்த வசதி கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். தோட்டா இருக்கும் இடத்தில் கேஜ் என்ற அளவுக் கட்டையை வைத்துப் பார்ப்போம். 0.064 அங்குல கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 மேல் மூடக்கூடாது. பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் பயிற்சிக்குச் செகந்திராபாத் போனபோது எங்களுக்கு முதல் மாதமே இதை மண்டையில் ஏற்றினார்கள். அளந்து பார்க்காத போல்ட்டை வைத்துச் சுடவே கூடாது. தோட்டாவின் பின்புறம் கிழிந்தால் நெருப்பு முகத்துக்குத்தான் வரும். ஆகவே சுடாதே. தோட்டா வாங்கிவிட்டாயா? வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

குழலைப் பற்றிப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே ஐந்து வரிகள் இடப்பக்கமாகச் சுழன்று போக வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து எரிந்ததும் குழலில் உப்பை விட்டுவிடும், சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் ஒரே வாரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி அரித்துவிடும். பார்ப்பதற்குப் போல்ட்டை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் திரும்ப மாட்டாதே. எங்கள் கோத்தில், அதாவது பட்டாளத்து ஆயுத அறையில், ரைஃபிள் ஓரிடம், போல்ட் ஓரிடம். உன் வீட்டிலேயே வேறு அறையில் வைப்பதைச் சொல்லவில்லை. பொங்கலன்று போனில் பேசினாரே உன் ஆபீஸ் நண்பர், அவர் வீட்டில் வை.

அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியப்பா பேரனுக்குப் பட்டாளத்தில் வேலை கிடைத்துவிட்டது. தோட்டா வாங்கவில்லைதானே?

ஆறாவது படத்தையும் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் சுவரில் சதுரமாக ஓரிடம் மட்டும் வெளுத்திருக்கிறது. அங்கே என்ன மாட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும், திருப்பதியில் எடுத்தது. மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முப்பது வருடம் என் வேலை. அதனால்தான் கண் அங்கே போயிற்று. மருமகளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். நான் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தபோது, லீவ் முடிந்து திரும்பிய பையன் ஒருவன் ரைஃபிளைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தான். குழலில் துரு. பத்து நிமிடம் அவனைத் திட்டினேன். முகம் செத்துப்போயிருந்தது, சட்டைப் பையில் ஓர் இன்லண்ட் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன். என்னடா என்று கேட்கவில்லை. துருவைத் துடைக்கவைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றிரவு அவனுக்குக் காவல் பணி. காலையில் ரோல் காலுக்கு அவன் இல்லை.

விசாரணையில் ரைஃபிள் எந்த நிலையில் இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். சரியாக இருந்தது என்றேன். பையனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நீ பத்தாவதில் பெயிலாகி மூன்று நாள் பேசாமல் படுத்திருந்தாயே, அப்போதும் நான் மார்க் ஷீட்டைத்தான் பார்த்தேன்.

என் விசா இன்னும் இருக்கிறது. டிக்கெட் போடு, தனியாக வருகிறேன். அம்மா வடுமாங்காய் கொடுத்தனுப்புவாள். கேஜ் வைத்து அளக்கத் தெரிந்த ஆள் அங்கே யாராவது இருப்பார், இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் இரவோ பகலோ பார்க்காமல் போன் செய். நான் தூங்குவதில்லை.

அதுவரை போல்ட் அந்த நண்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.

உன் அப்பா