பாமினிக் கோப்புகளும் குரல் பதிவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கணினிப் பிரியர்கள் விண்டோஸ் 98 திரையையும் தூசி படிந்த புளொப்பிகளையும் படமெடுத்துப் பகிர்ந்து ஏங்குவதும், அதைப் பார்த்து இளையவர்கள் சிரிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. 2018 இல் யாகூ மெசஞ்சரும் 2025 மே மாதத்தில் ஸ்கைப்பும் மூடப்பட்டபோது இந்த ஏக்கம் இன்னும் கூடியது. வன்னியில் இருக்கும் எங்களுக்கு இதில் பழைய நினைவு மட்டுமல்ல, செய்யாமல் விட்ட வேலை ஒன்றும் இருக்கிறது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் இங்கு கணினி வைத்திருந்தவர்கள், மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவே, மண்ணெண்ணெய் தீருவதற்குள் வேலையை முடித்துவிடவேண்டும் என்ற அவசரத்தோடு தட்டச்சுச் செய்தவர்கள். 2002 இல் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை மீண்டும் திறக்கப்பட்ட பிறகு பாவித்த கணினிகள் பல வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. 1.44 மெகாபைட் புளொப்பி ஒன்றில் சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கைகள், பாடசாலை மலருக்கான கட்டுரைகள், மரண அறிவித்தல்கள் என்று எல்லாமே அடங்கும். அதோடு எழுத்துருக் கோப்பையும் மறவாமல் சேர்த்துக் கொடுக்கவேண்டும். மறந்தால் அச்சகத்துக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

காரணம் இதுதான். அன்று நாம் பாவித்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஒரு ஏற்பாடு. நாம் ‘அம்மா’ என்று தட்டியதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்றே சேமித்தது. எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991 இலேயே இடம்பெற்றுவிட்ட போதிலும், விண்டோஸ் அதை ஏற்றது 2000 பதிப்பில்தான் என்பதால், பழைய இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய எமக்குப் பாமினியை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. ஆகவே அக்காலத்து வன்னியில் கணினியில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்றைய தேடுபொறி எதற்கும் தமிழாகவே தெரியாது.

2009 இடப்பெயர்வில் கணினிகளைக் கைவிட்டுப் போனோம். வன்தட்டை மட்டும் கழற்றி, பிள்ளையின் உடுப்புகளுக்குள் சுற்றி எடுத்துச் சென்ற ஒருவரை நான் அறிவேன். அப்படித் தப்பியவையும், வெளியூர் உறவினர் வீடுகளில் கிடந்து தப்பியவையும் இன்று அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புளொப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு கெட்டுப்போகும். சோனி நிறுவனமே 2011 இல் ஜப்பானில் புளொப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகக் கிடைத்தாலும், இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அவை தமிழென்றே எடுத்து உருக்குலைத்துவிடுவதால், அக்கோப்புகளைப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தவேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலாகிறது.

இனி இன்றைய நிலை. எழுத்துருச் சிக்கல் தீர்ந்து, எந்தக் கைபேசியிலும் தமிழில் எழுதலாம் என்று வந்த பிறகு நாம் எழுதுவதையே விட்டுவிட்டோம். கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு தாய் குரல் பதிவு அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு எந்தக் கடிதமும் ஈடாகாது. பொது அலுவலுக்கு அது உதவாது என்பதே என் வாதம். இரணைமடுக்குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யும் ஒரு பகுதிக்கு, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற அறிவித்தல் வட்ஸ்அப் குழுவில் நான்கு நிமிடக் குரல் பதிவாக வந்தது. முதல் ஒன்றரை நிமிடம் வணக்கமும் நன்றியுரையும். திகதி கடைசியில், அதுவும் உழவு இயந்திரச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. பிறகு கடிதத் தலைப்பில் அச்சிட்ட அறிவித்தலைச் சரிவாகப் படமெடுத்து அனுப்பினார்கள். படத்துக்குள் இருக்கும் திகதியைக் குழுவில் சொல்லைப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கைபேசி மாறினால் படமும் போய்விடும். பாமினிக் கோப்பையாவது எழுத்துரு கிடைத்தால் வாசிக்கலாம்.

கமக்காரர் அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பாடசாலைகளும் தம் அறிவித்தல்களை, படத்தோடோ குரலோடோ சேர்த்தாவது, திகதியும் விடயத் தலைப்பும் இட்ட நான்கு வரித் தமிழாக அனுப்பவேண்டும். மின்னஞ்சலுக்குத் தலைப்பு எழுதிப் பழகிய பழைய கை அவற்றில் ஒன்றிரண்டிலாவது இருக்கும்; அவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். பாமினியில் பழகிய விரல்கள் அதே விசை அமைப்பிலேயே ஒருங்குறியில் தட்டச்சுச் செய்ய எ-கலப்பை போன்ற செயலிகளும் உண்டு.

பழைய கோப்புகளைப் பொறுத்தவரை, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள பொது நூலகம் ஒன்று யூஎஸ்பியில் பொருத்தக்கூடிய புளொப்பி இயக்கி ஒன்றை வாங்கி, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால், வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுக்கவும், பாமினி தெரிந்தவர்கள் வந்திருந்து திருத்தவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். முதற்கட்டமாக சனசமூக நிலைய அறிக்கைகளையும் பாடசாலை மலர்களையும் எடுத்துக்கொள்ளலாம். தனிப்பட்ட கடிதங்களை உரியவர்களின் சம்மதமின்றித் திறக்கக்கூடாது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.