25 வருஷத்துக்கு ஒரு கண்ணாடிக்கட்டியா?

பெங்களூரு கம்பெனிகளில் சர்வீஸ் அவார்டு பட்டியல் போடும் எச்.ஆர். அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிக்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் ஷீல்டு, மெமெண்டோ செய்து பெயர் பொறித்துத் தருகிற கடை என்னுடையது. பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி, பிடதி என்று நாலா பக்கமிருந்தும் உங்கள் ஆர்டர்கள் வருகின்றன. 5 வருஷக்காரர்கள் இத்தனை பேர், 10 வருஷம் இத்தனை பேர், தலைக்கு இவ்வளவு பட்ஜெட் என்று ஆயுத பூஜை நெருங்குகிற சமயத்தில் ஒரு எக்ஸல் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். "நல்லதா ஏதாவது காட்டுங்க" என்பீர்கள். நானும் காட்டுவேன். ரேட் படிந்தால் ஆர்டர். யாருக்கு எது பொருந்தும் என்று அந்தப் பேச்சில் ஒரு வரி கூட வராது. உங்களில் பாதிப் பேர் என்னிடம் பேரம் பேசுவதே தமிழில்தான், அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவன் கண்ணாடி வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் பெயர். உங்கள் பட்டியலில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். தர்மபுரிக்காரருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் கடைசிப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் ஏற்காது. வேலைக்குச் சேர்த்த அன்று யாரோ அதில் ஒரு புள்ளியைத் தட்டியிருப்பார். முருகன் என்கிறவர் 'முருகன் .' ஆகிவிடுவார். சில கம்பெனிகளில் 'முருகன் முருகன்'. லேசர் மெஷினுக்குப் பெயர் எது, புள்ளி எது என்று தெரியாது. கொடுத்ததைப் பொறிக்கும். நான் சந்தேகப்பட்டு போன் போட்டால், "சிஸ்டத்துல எப்படி இருக்கோ அப்படியே போட்டுடுங்க" என்று பதில் வருகிறது.

அப்படிப் போட்ட ஒரு 25 வருஷ ஷீல்டை எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் மகனோடு கடைக்கு வந்தார். பித்தளைத் தகட்டின் நாலு மூலை ஆணியையும் கழற்றி, புதுத் தகடு வெட்டி வைத்தேன். என்ன எழுத வேண்டும் என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் இனிஷியல், புள்ளி, பெயர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். புள்ளி இருக்க வேண்டிய இடமே அதுதான். பழைய தகட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், எதற்கென்று தெரியவில்லை.

தகடு என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதே புள்ளி பி.எஃப். கணக்கிலும் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? ஆதாரில் ஒரு பெயர், யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணில் வேறொரு பெயர் என்றால் பணம் கேட்கும் அன்று விண்ணப்பம் திரும்பி வரும். ஜாயின்ட் டிக்ளரேஷன் என்கிற திருத்த விண்ணப்பம் கொடுத்துத் திருத்த வேண்டும், பல நேரம் அதற்குக் கம்பெனியின் ஒப்புதலும் வேண்டும். கம்பெனி கை மாறிப்போனால் அலைச்சல் அந்த மனிதருக்கு. பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் தப்பாக இருந்தாலும் இதே கதைதான். ஐந்தாம் வருஷ அவார்டுக்குப் பட்டியல் போடும்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஆதார், பி.எஃப்., பேங்க் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அப்போதே திருத்திக் கொடுங்கள். பட்ஜெட்டில் ஒரு பைசா ஏறாது. ஷீல்டுக்கான பெயரும் அதே உட்காரலில் சரியாகி எனக்கு வந்துவிடும். நாமினி பெயரையும் ஒரு பார்வை பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது பலருக்கு அப்படியே கிடக்கிறது.

அடுத்தது, எந்த வருஷத்துக்கு அவார்டு என்பது. ஐந்தைந்தாக அடுக்குவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. ராணுவத்தில் நீண்டகாலச் சேவைப் பதக்கங்கள் 9, 20, 30 வருஷங்களுக்கு. அது அவர்கள் வேலைக்குப் பொருந்துகிற கணக்கு. உங்கள் ஆட்களின் வாழ்க்கையில் எந்த வருஷம் கனமானது என்று கேட்டால் பதில் சட்டத்திலேயே ஏற்கெனவே எழுதியிருக்கிறது. பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் வந்த 1972 முதல் இன்று வரை நிரந்தரத் தொழிலாளிக்கு 5 வருஷம்தான் வாசல். ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து. கணக்கில் வரும் கடைசி ஊதியம் 26,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 15,000, ஐந்து வருஷத்துக்கு 75,000. இது கம்பெனி மனமுவந்து தரும் பரிசு கிடையாது, அவருடைய உரிமைப் பணம். ஐந்தாம் வருஷம் மேடையில் ஷீல்டு வாங்கி இறங்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு. ஆக அவர்களைப் பொறுத்தவரை முதல் வருஷமே ஒரு மைல்கல்தான்.

பத்தாம் வருஷம் இன்னும் பெரியது. பி.எஃப்.-ஓடு சேர்ந்த 1995-ம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில் 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். பென்ஷன் ஊதியத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பது கணக்கு. 15,000 ரூபாய்க்கு 10 வருஷம் என்றால் மாதம் சுமார் 2,143. சின்னத் தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதரை வருஷத்துக்கு முன்னாலேயே நூறு ரூபாய் கூடுதல் சம்பளத்துக்கு வேலையை விட்டு, பென்ஷன் பங்கையும் மொத்தமாக எடுத்துச் செலவழித்தவர்களுக்கு அதுவும் இல்லை. கார்மென்ட்ஸ் பக்கம் பெண்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். 20 வருஷம் முடித்தவருக்கு 2 வருஷம் போனஸாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதே 15,000-க்கு 22 வருஷக் கணக்கில் சுமார் 4,714 ரூபாய். என்னைக் கேட்டால் 5, 10, 20 மூன்றையும் பெரிதாகச் செய்யுங்கள், 15-ஐச் சின்னதாக வையுங்கள். 25-க்கு வெள்ளி விழா என்ற மரியாதை ஊரறிந்தது, அதில் கை வைக்க வேண்டாம்.

இப்போது பொருளுக்கு வருகிறேன், என் வயிற்றுப்பாடு இதில்தான். கிரிஸ்டல் என்று நீங்கள் கேட்பது கே9 என்கிற ஆப்டிகல் கண்ணாடி. அகலமாக, உயரமாக இருந்தால் கௌரவம் என்று ஒரு எண்ணம். கோலார் தங்கவயல்காரர்களை யோசித்துப் பாருங்கள். 2001-ல் சுரங்கம் நின்ற பிறகு அங்கிருந்து எத்தனையோ பேர் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். விழா முடிந்து சாயங்காலம், நிற்கவே இடமில்லாத அந்த ரயிலில், வெல்வெட் பெட்டியில் மூன்று கிலோ கண்ணாடியை மடியில் வைக்கவும் முடியாமல் மேலே போடவும் முடியாமல் பங்காருப்பேட்டை வரை போக வேண்டும். வீட்டில் அதை வைக்க ஷோகேஸும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அது பீரோவுக்கு மேலே ஏறும், அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மூலை உடையும். ஆபீஸில் மேஜை உள்ளவருக்குக் கண்ணாடி பொருந்தும், மேஜை இல்லாதவருக்கு உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் தகடு போதும். மிச்சமாகிற பணத்தை உபயோகமான பொருளில் போடுங்கள்.

வாட்ச் என்றால் ஒரு சரித்திரமே உண்டு. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு அரசுக் கம்பெனியான எச்.எம்.டி. இதே பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. கல்யாணச் சீர் என்றாலும் ரிட்டயர்மென்ட் என்றாலும் எச்.எம்.டி.தான். அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சாவி கொடுக்கிற பழைய எச்.எம்.டி.யைப் பெட்டியோடு கொண்டுவந்து, பின்மூடியில் தேய்ந்துபோன அப்பா பெயரை மறுபடி பொறித்துத் தரச் சொல்கிறவர்கள் இன்றும் கடைக்கு வருகிறார்கள். ஆக வாட்ச் நல்ல பரிசுதான், ஆனால் ஆள் பார்த்துக் கொடுங்கள். லேத் ஓட்டுகிறவரும் பிரஸ் ஓட்டுகிறவரும் வேலை நேரத்தில் வாட்சோ மோதிரமோ போடக் கூடாது என்று உங்கள் சேஃப்டி போர்டே சொல்கிறது. அவருக்கு மோதிரம் கொடுத்தால் அது அடகுக்கடைக்குப் போகும் வழியில்தான் விரலில் ஏறும்.

தங்கம் கொடுப்பதானால் பாலிசியில் ரூபாய்க்கணக்கு எழுதாதீர்கள், கிராம்கணக்கு எழுதுங்கள். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தொகையை எழுதி வைத்த கம்பெனிகளில் என்ன ஆனது என்று பாருங்கள். முதலில் 25 வருஷம் முடித்தவருக்கு நாலு கிராம் வந்த காசுக்கு, பிறகு முடித்தவருக்கு இரண்டு கிராம், இப்போது முடிக்கிறவருக்கு ஒன்று. ஒரே மெஷின், ஒரே 25 வருஷம். இவர் பையில் வந்து சேர்வதோ கால் பங்கு. பட்ஜெட் இடிக்கிறதென்றால் கிராமைக் குறைத்து எழுதுங்கள், எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

வாங்கும்போது நகையாக இருந்தால் 22 காரட்டுக்கான 916 முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறெழுத்து எச்.யு.ஐ.டி. எண்ணும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அங்கேதான் ஏமாற்று நடக்கும். வெள்ளி விழாவுக்கு வெள்ளித் தட்டு என்று சொல்லி ஜெர்மன் சில்வர் கேட்கிறீர்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது அது, பேருக்குக் கூட வெள்ளி கிடையாது. அவர் மனைவி ஒரு நாள் அதைக் கடையில் உரசிப் பார்ப்பார். அன்றைக்குப் போவது கம்பெனியின் மானம். நூறு கிராம் ஜெர்மன் சில்வருக்குப் பதில் பத்து கிராம் அசல் வெள்ளி நாணயம் போதும்.

இதற்கெல்லாம் மேலே, அவரையே கேட்டுவிடுவது உத்தமம். மிக்சியா, சைக்கிளா, பிள்ளைக்கு டேப்லெட்டா, குடும்பத்தோடு திருப்பதி போய்வர டிக்கெட்டும் நாலு நாள் சம்பளத்தோடு லீவுமா? ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்களிடம் பேசிப் பாருங்கள். முலாம் பூசிய பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது, சர்வீஸைப் பொறுத்துக் கிடைக்கும் பாஸைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். தனியார் கம்பெனியால் பாஸ் தர முடியாதுதான். வருஷத்துக்கு ஒரு நாள் கூடுதல் லீவு தர முடியுமே. பதினைந்தாம் வருஷத்துக்கு அதுவே போதும், என் கடைக்கு வரவே வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரே விழா என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பரில் 25 முடிக்கிறவர் அடுத்த ஆயுத பூஜை வரை காத்திருக்கிறார். நடுவில் ஜூனில் ரிட்டயர் ஆனால் ஷீல்டு கூரியரில் போகிறது. போன முறை அப்படி ஒன்று முகவரி மாறிக் கடைக்கே திரும்பி வந்து கிடந்தது. சேர்ந்த தேதி உங்களிடம் இருக்கிறது. அந்தத் தேதியில் சூப்பர்வைசர் வந்து லைனிலேயே கொடுத்துவிட்டால் என்ன? விழாவில் பெயரை மட்டும் வாசியுங்கள். வாசிக்கிறவர் முந்தின நாளே பட்டியலைப் படித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டால் பாதிப் பேருக்குக் கோபம் வரும். ஷீல்டுப் பெட்டிகளை எடுத்துப் போக ஒரு கம்பெனியின் வண்டி ஓட்டி எப்போதும் வருவார், லிங்கராஜபுரத்துக்காரர். எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "இந்த 15 வருஷக்காரங்க எல்லாம் எனக்குப் பின்னாடி வந்தவங்கண்ணே" என்றார். கான்ட்ராக்டர் நாலு பேர் மாறிவிட்டார்கள், ஸ்டியரிங்கில் இருக்கும் ஆள் மாறவில்லை. கம்பெனி ரோலில் இல்லாததால் பட்டியலிலும் இல்லை. கேன்டீன், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் எங்கும் இப்படித்தான். கான்ட்ராக்டில் எட்டு வருஷம் ஓட்டிவிட்டு ரோலுக்கு வந்தவருக்கும் அந்த எட்டு கணக்கில் சேருவதில்லை. அவார்டு கொடுத்தால் நிரந்தர வேலைக்கு உரிமை கொண்டாடுவார்கள் என்று உங்கள் வக்கீல் பயப்படுகிறாரோ என்னவோ. 'எங்கள் வளாகத்தில் 15 வருஷம்' என்று பொறித்துக் கொடுக்கலாம், வாசகத்தை வக்கீலிடமே எழுதி வாங்குங்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்களைத் தனித் தாளில் அனுப்புகிற கம்பெனிக்கு அந்தத் தாளுக்குப் பொறிப்புக் கூலியில் பாதி தள்ளுபடி. முழுசாக விட முடியாது, லேசர் மெஷின் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர்களை மட்டும் அவரவர் கையால் எழுதி வாங்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிக்பேட்டை ஷீல்டு கடைக்காரன்