கையுறையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுக்குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மறுபடியும் பினாங்கில் எங்கள் பாலிக் புலாவ் வந்திருந்தீர்கள். இந்த முறை, டுரியான் பழம் பறிக்கும் ரோபோவுக்காக மரங்களைப் படம் பிடிக்க. தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பிதான் வழிகாட்டினான். திரும்பும்போது எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனீர்கள். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

பக்கவாதத்தில் முடங்கிய அவருடைய வலது கையில் நீங்கள் மாட்டிவிட்ட ரோபோ கையுறையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறாவது வாரம் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே தூக்கினார். நீங்கள்தான் காணொளி எடுத்தீர்கள். எட்டாவது வாரம், மானியம் முடிந்தது என்று கையுறையைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனீர்கள்.

இப்போது கை பழையபடி இறுகிவிட்டது. நகம் உள்ளங்கையில் குத்துகிறது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நகம் வெட்டி, கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே வைக்கிறேன். "அந்த மெஷின் எப்பம்மா வரும்?" என்கிறார். சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கையெழுத்து வாங்கிய தாளில் ஹெல்சிங்கி பிரகடனம் என்று ஒரு வரி இருந்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையாம். தம்பி தேடிப் படித்தான். 2013 பதிப்பு, 34-ஆம் பத்தி: சோதனையில் பலன் தந்த சிகிச்சை, பிறகும் தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்க ஆய்வு தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டுமாம். அந்த ஏற்பாடு எங்கே? கையுறையைத் திருப்பித் தாருங்கள்.

டுரியானைப் பற்றியும் ஒன்று. மரமேறி வெட்டுவது தாய்லாந்து வழக்கம். இங்கே பழுத்தால் தானே விழும். அதற்குத்தான் வலை கட்டுகிறோம். புவியீர்ப்பு சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைக்கு ஒரு ரோபோ! விழுந்ததைக் கூடையில் சுமந்து சரிவில் இறங்குவதுதான் முதுகை ஒடிக்கிறது. முப்பது வருடம் சுமந்தவர் வாசலில்தான் இருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தோட்டத்துக்கு எப்போதும் போல வாருங்கள். புதிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. உங்கள் அலமாரியில் இருப்பதே போதும். கடனாகத் தந்தாலும் சரி, வாரம் இரண்டு நாள் அப்பாவை அங்கே அழைத்துவரச் சொன்னாலும் சரி. அடுத்த முறை மரங்களைப் பார்க்க வரும்போது, தயவுசெய்து அந்தப் பெட்டியையும் வண்டியில் ஏற்றி வாருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மகள்