மஞ்சள் கருவைக் குப்பையில் போடாதீர்கள் டீச்சர்

பூம்பாறை
செவ்வாய் இரவு

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. போனிலேயே பேசியிருக்கலாமே என்று மகன் கேட்டான். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது, அது அவனுக்கு எப்படிப் புரியும்? கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அதே குண்டு குண்டு எழுத்து. இங்கே மூன்று நாளாக மூடுபனி விலகவே இல்லை. பூண்டு எடுத்தாகிவிட்டது, கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே புகையில் தொங்குகிறது. போன வாரம் காட்டுமாடு இறங்கி எங்கள் கீழ்ப் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது, மற்றபடி எல்லோரும் சுகம்.

மூட்டுவலி, பேரனின் பள்ளிக்கூடம், மதுரை வெயில் எல்லாம் எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு, அதாவது மொத்தக் கொலஸ்ட்ரால், 212 என்று வந்ததும், இனிமேல் வெள்ளைக் கரு மட்டும்தான் என்று மகன் சொல்லிவிட்டார், தினமும் இரண்டு மஞ்சள் கரு குப்பைக்குப் போகிறது, இது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். மாதத்துக்கு 60 மஞ்சள் கரு டீச்சர். இரண்டு ட்ரே முட்டை. சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணியே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான், எனக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

1989-இல் முதன்முதலாக இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தபோது நம் பள்ளிக்கூடம் இருந்த இருப்பு நினைவிருக்கிறதா? நாமக்கல் முட்டை மலை ஏறி வந்து சேர்வதற்குள் எத்தனை உடைந்திருக்குமோ என்று நான் பயந்துகொண்டே பிரிப்பேன். மேல்தெருவிலிருந்து வந்த அந்தச் சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு, வெள்ளையை மட்டும் கடித்துச் சாப்பிட்டுவிட்டு மஞ்சளை அப்படியே உருண்டையாகப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டு போவாள். பிடிக்காமல் ஒளித்து வைக்கிறாள் என்று நினைத்து நான் அதட்டினேன். நீங்கள்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். தம்பிக்கு இன்னும் பல் வரவில்லை, மஞ்சள்தான் மெதுவாக இருக்கும், அதனால் அவனுக்கு என்றாள். அன்றைக்கு நீங்கள் வகுப்புக்குப் போகாமல் கூடத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். 2010-இல் பள்ளி நடக்கிற ஐந்து நாளும் முட்டை என்று ஆனபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது.

சரி, இது மனசு சொல்கிறது. ஆனால் உங்கள் உடம்பு விஷயத்தை மனசை வைத்து மட்டும் சொல்லக் கூடாது. பேத்தி கோவையில் ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறாள் இல்லையா, அவள் லீவுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்டேன். 1913-இல் ருஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது. முயல் புல் தின்கிற ஜீவன், அதன் உடம்புக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. நமக்கோ கல்லீரலே தினமும் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது, சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். 1968-இல் அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. ஒரு முட்டையிலேயே 186 மில்லிகிராம் போல இருக்கிறது, அத்தனையும் மஞ்சளில். அந்தக் கணக்கு உலகம் முழுக்கப் பரவி உங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அதே சங்கம் 2019-இல் ஆரோக்கியமானவர்கள் தினமும் ஒரு முழு முட்டை சாப்பிடலாம், கொலஸ்ட்ரால் அளவு சரியாக உள்ள வயதானவர்கள் மற்ற சாப்பாட்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு கூடச் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த 300 என்ற எல்லையை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியும் 2015-இல் எடுத்துவிட்டது. முதல் பேச்சு மட்டும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது, இரண்டாவது பேச்சை யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை, எனக்கு அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லா ஆராய்ச்சியும் ஒரே பக்கம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பல வருடம் கவனித்து 2018-இல் வெளியிட்டார்கள், தினமும் ஒரு முட்டை வரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாகவே வந்தன. மறு வருடமே அமெரிக்காவில் சுமார் 30,000 பேரின் விவரத்தைப் பார்த்து, முட்டை கூடக் கூட இதயநோயும் கொஞ்சம் கூடுகிறது என்றார்கள். 2020-இல் அங்கேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, தினம் ஒன்று வரை தீங்கு தெரியவில்லை என்று வந்தது. இவை எல்லாம் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு பார்த்தவை. முட்டையோடு பன்றிக் கறியும் வெண்ணெயும் சாப்பிடுகிறவரும், முட்டையோடு கீரையும் சோறும் சாப்பிடுகிறவரும் ஒன்றா? அதனால் நான் ஒரு பக்கமாக அடித்துப் பேச மாட்டேன். ஆனால் தினம் ஒன்று என்ற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை, இதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

இனி நீங்கள் எதைத் தூக்கிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அதில் மூன்றரைக்குச் சற்று மேல் வெள்ளையில், மீதி மஞ்சளில். ஆக, புரதத்திலேயே ஐந்தில் இரண்டு பங்கு குப்பைக்குப் போகிறது. வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றும் மஞ்சளில் மட்டும்தான். பி12-இல் பெரும்பங்கும் அங்கேதான். கண்ணுக்கு நல்லது என்கிற லூட்டின் அங்கே. நரம்புக்கும் மூளைக்கும் வேண்டிய கோலின் ஒரு முட்டையில் சுமார் 147 மில்லிகிராம், ஏறக்குறைய எல்லாமே மஞ்சளில். வெள்ளை கெட்டது என்று சொல்ல வரவில்லை, 17 கலோரிக்கு அவ்வளவு புரதம் வேறு எதில் கிடைக்கும்? உடம்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் நீங்கள் குறைக்க வேண்டியவரா டீச்சர்? 43 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் ஒரு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, பால் பிடிக்காது, மீன் வாங்க ஆளில்லை. அப்படிச் சாப்பிடுகிற உங்கள் தட்டில் இருந்த சத்தான பொருள் அந்த மஞ்சள் ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் மகனிடம் கோபம் எதுவும் இல்லை, அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார். அவரும் ஜிம்முக்குப் போய்விட்டு ஆறு வெள்ளை சாப்பிடுகிறார் என்றீர்கள். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: 2017-இல் பத்து இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எடை தூக்கிய பிறகு ஒருமுறை முழு முட்டை, ஒருமுறை வெள்ளை மட்டும், இரண்டிலும் புரதம் ஒரே 18 கிராம். முழு முட்டை சாப்பிட்டபோதுதான் தசை கட்டும் வேலை அதிகமாக நடந்தது. பத்தே பேர்தான், இருந்தாலும் யோசிக்கலாம்.

அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் கதை. 2011-இல் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் மஞ்சள் கரு கூடாது என்று இருந்தது. எட்டு வருடம் நான் ஒன்று விடாமல் பிரித்தேன். பிறகு கால் மரத்துப் போகிறது, படியேறினால் தள்ளாட்டம், ஞாபக மறதி. வயசு என்று விட்டிருப்போம், பேத்திதான் பி12 பார்க்கச் சொன்னாள். மிகக் குறைவு. சர்க்கரைக்குப் பல வருடம் மெட்பார்மின் சாப்பிட்டால் பி12 குறையும் என்று டாக்டர் சொன்னார், போதாததற்குச் சாப்பாட்டிலும் இல்லை. ஊசி போட்டுத்தான் சரியானது, முட்டையால் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது டாக்டரைக் கேட்டே வாரத்துக்கு மூன்று முழு முட்டை கொடுக்கிறேன், மற்ற நாளில் வெள்ளை. சர்க்கரையும் இதயநோயும் உள்ளவர்கள் அப்படி அளவோடுதான் இருக்க வேண்டும். சிலருக்கு முட்டை சாப்பிட்டதும் கெட்ட கொழுப்பு மற்றவர்களைவிட அதிகமாக ஏறுமாம், அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 212-ஐ விட்டுவிட்டு எல்.டி.எல். என்கிற அந்தக் கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள், டாக்டரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இல்லை, நெஞ்சுவலியும் இல்லை.

எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். மஞ்சளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாயங்காலம் பேக்கரியில் முட்டை பப்ஸ் சாப்பிட்டால் என்ன லாபம்? பாதி முட்டைக்கு மேலே எத்தனை அடுக்கு டால்டா! கெட்ட கொழுப்பை ஏற்றுவதில் அந்த மாதிரிக் கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. அவித்துச் சாப்பிடுங்கள், போதும். இங்கே 6,000 அடிக்கு மேலே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் நம் கூடத்தில் முட்டை வேக எவ்வளவு நேரம் நின்றோம், மதுரையில் அவ்வளவு வேண்டாம். ரொம்ப அவித்தால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும், கெடுதல் இல்லை, ருசிதான் போகும். பச்சையாகக் குடிக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் பெரியவளானால் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி மேலே நல்லெண்ணெய் கொடுப்பார்களே, அந்த வழக்கத்தில் மஞ்சளை யாரும் வீணாக்கவில்லை, அது சரி. ஆனால் பச்சை வெள்ளையில் உள்ள ஒரு பொருள் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேகவைத்தால் அந்தத் தொல்லை போய்விடும், கிருமியும் சாகும். நாட்டு முட்டைதான் வேண்டும் என்று 20 ரூபாய் கொடுக்கவும் வேண்டாம், ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சளின் நிறம் தீனியைப் பொறுத்தது.

மஞ்சள் தொண்டையில் அடைக்கிறது என்றால் நாம் பிள்ளைகளுக்குச் செய்த மாதிரி உதிர்த்துச் சாம்பார் சோற்றில் பிசைந்துகொள்ளுங்கள், கொஞ்சம் மிளகு தூவி. நாளையிலிருந்தே ஒரு முழு முட்டை. மகனிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், இன்னும் சந்தேகம் இருந்தால் பேத்தியின் நம்பரைத் தருகிறேன், அவரே பேசட்டும்.

பூண்டு காய்ந்ததும் இரண்டு கிலோ வத்தலக்குண்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். குழந்தை வேலப்பர் தேருக்கு வருவேன் என்று போன வருடமும் சொன்னீர்கள். அந்த மேல்தெருப் பெண் இப்போது கொடைக்கானலில் நர்ஸாக இருக்கிறாள், தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவள் உங்கள் விலாசம் கேட்டாள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்
பழனியம்மாள்