'சீன நிலா ராக்கெட் வெற்றி' என்று தலைப்பு வைக்கும் முன்

தமிழ் நாளிதழ்களிலும் இணைய இதழ்களிலும் விண்வெளிச் செய்தி எழுதுகிறவர்களுக்கும், அதைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

2030-க்குள் நிலவில் ஆட்களை இறக்கப்போவதாகச் சீனா அறிவித்திருக்கிறது. அதற்கான லாங் மார்ச் 10 ராக்கெட் பற்றிய செய்திகள் இனி அடிக்கடி உங்கள் மேசைக்கு வரும். முகமை அனுப்பும் ஆங்கிலச் செய்தி நான்கு பத்திதான் இருக்கும், அதைத் தமிழாக்க உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் சரிபார்க்கக் கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம். உந்துவிசைப் பொறியியலைக் கற்பிக்கிறவர்களும் அந்தத் துறையில் வேலை செய்தவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதலில் ஒரு சொல். தயவுசெய்து 'ஏவுகணை' என்று எழுதாதீர்கள். கணை என்றால் அம்பு, ஏவுகணை என்றால் ஆயுதம். ஆளை ஏற்றிக்கொண்டு போவது ராக்கெட், அல்லது ஏவூர்தி. சீன வீரர்களை ஏற்றிச்செல்லும் ஷென்ஜோ விண்கலங்களைச் சுமக்கும் லாங் மார்ச் 2எஃப்-இன் மூதாதை டிஎஃப்-5 என்ற கண்டம் தாண்டும் ஏவுகணைதான் என்பது உண்மை. அதற்காகப் பேரனையும் அந்தப் பெயரால் கூப்பிட முடியாது. 10-க்கோ அந்தப் பூர்விகமும் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். சரக்கு ராக்கெட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு எடை தூக்கும்? ஆளேற்றும் ராக்கெட்டைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது வேறு. அது கெட்டுப்போகும்போது உள்ளே இருப்பவரை எப்படி வெளியே விடும்? லாங் மார்ச் 2எஃப்-ஐ வடிவமைத்தபோது வைத்த இலக்குகள் இரண்டு. ராக்கெட்டின் நம்பகம் 0.97, வீரர்களின் பாதுகாப்பு 0.997. நூறு ஏவுதலில் மூன்று தோற்கலாம், ஆனால் ஆயிரத்தில் மூன்றுக்கு மேல் உயிர் போகக் கூடாது என்பது இதன் பொருள். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ராக்கெட் தோற்கும் பத்து தடவைகளில் ஒன்பதிலாவது தப்பிக்கும் ஏற்பாடு வேலை செய்தாக வேண்டும். இந்தக் கணக்குதான் 2எஃப்-ஐ அதன் முன்னோடியான 2இ-யிலிருந்து பிரிக்கிறது. உச்சியில் தப்பிக்கும் கோபுரமும், உடல் முழுக்கக் கோளாறு கண்டறியும் அமைப்பும் அதனால்தான் சேர்ந்தன. செய்தியில் எடை மட்டும் இருந்து இது இல்லாவிட்டால், ஆளேற்றும் ராக்கெட்டைப் பற்றி எழுதியதாகாது.

2003 அக்டோபர் 15 காலை சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பறந்த ஷென்ஜோ 5-ஐ எடுத்துக்கொள்வோம். 'வெற்றி' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோன பயணம் அது. ராக்கெட் 30 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது வினாடிக்கு ஏறத்தாழ 8 முறை என்ற கணக்கில் நெடுக்குவாட்டில் குலுங்கத் தொடங்கியது. முடுக்கத்தின் அழுத்தத்தோடு இந்தக் குலுக்கலும் சேர்ந்து 26 வினாடி நீடித்தது. மனித உடலின் உள்ளுறுப்புகள் இயல்பாக அதிரும் வேகமும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. அதனால் வெளியே சாதாரணமாகத் தெரியும் நடுக்கம் உள்ளே குடலைப் பிடுங்குவதுபோல் இருக்கும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அவர் அசைவற்றுத் தெரிந்தார். சுமார் 200-ஆவது வினாடியில் மூக்குக் கவசம் கழன்று ஜன்னல் வழியே வெயில் முகத்தில் பட்டதும் கண் சிமிட்டினார். அப்போதுதான் கீழே இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது.

இந்தக் குலுக்கலுக்குப் போகோ என்று பெயர். எஞ்சினில் கோளாறு இல்லை, தொட்டியில் இல்லை, குழாயிலும் இல்லை. மூன்றும் சேரும் இடத்தில் இருக்கிறது. ராக்கெட்டின் உடல் லேசாக நீண்டு சுருங்குகிறது. அதனால் எஞ்சினுக்குப் போகும் குழாயில் திரவத்தின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அழுத்தம் ஆடினால் உந்துவிசை ஆடும், உந்துவிசை ஆடினால் உடல் இன்னும் அதிகமாக ஆடும். தொட்டி காலியாகக் காலியாக உடலின் அதிர்வெண் மாறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் குழாயின் அதிர்வெண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. 26 வினாடி நடந்தது அதுதான். மருந்து எளியது. பம்புக்குச் சற்று முன்னால் குழாயில் வாயு நிரம்பிய ஒரு சிறு அறையை வைத்து, திரவத்தின் அதிர்வெண்ணை உடலின் அதிர்வெண்ணிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அறை 2எஃப்-இல் ஏற்கெனவே இருந்தது, அதன் அளவைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஷென்ஜோ 6-இல் குலுக்கல் குறைந்தது, ஷென்ஜோ 7-இல் தீர்ந்தது. பறந்த மனிதர் வாய்திறந்து சொன்னதால் இந்தத் திருத்தம் விரைவாக நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2எஃப்-இன் உயரம் 58 மீட்டர். லாங் மார்ச் 10 சுமார் 92 மீட்டர், ஒரே அளவுள்ள மூன்று உடல்கள் பக்கம் பக்கமாக நிற்கும். நீளம் கூடினால் அதிர்வெண் இறங்கும், மூன்று உடல் சேர்ந்தால் அதிரும் வழிகள் பெருகும். அடுத்த முறை சீன அதிகாரி ஒருவர் பேசும் செய்தி வந்தால், அதில் போகோ பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் தலைப்பை அங்கிருந்து எடுங்கள்.

அடுத்தது எஞ்சின்கள். லாங் மார்ச் 10-இன் ஒவ்வொரு உடலிலும் ஒய்எஃப்-100கே எஞ்சின் 7, ஆக 21. திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரியும். ரேஷன் கடை மண்ணெண்ணெய்தான் இதற்கும் பூர்விகம், வெகுவாகச் சுத்திகரித்தது. மொத்த உந்துவிசை 2,678 டன் என்று அறிவித்திருக்கிறார்கள். 21-ஆல் வகுத்தால் எஞ்சினுக்குச் சுமார் 127 டன் வருகிறது. எடை 2,189 டன். தூக்கும் விசை எடையைவிட ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதனால் மெதுவாகத்தான் கிளம்பும். இரண்டு எண்களும் 'டன்'னில் வருவதால் உந்துவிசையை எடை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. எது தள்ளும் விசை, எது தரையில் நிற்கும் எடை என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

5 மீட்டர் விட்டத்துக்குள் ஏழு எஞ்சின்களை அடைப்பதுதான் இதில் பெரிய வேலை. ராக்கெட்டைத் திருப்ப எஞ்சின் சாய்ந்தாக வேண்டும். பழைய ஒய்எஃப்-100-இல் பம்பு, டர்பைன், எரியறை எல்லாம் சேர்ந்தே சாயும், அதற்கு இடம் நிறைய வேண்டும். கே வகையில் பம்பும் டர்பைனும் அசையாமல் நிற்க, அவற்றுக்குக் கீழே உள்ள எரியறையும் கூம்பும் மட்டும் சாய்கின்றன. இடம் மிச்சம்தான், ஆனால் வம்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது. இப்போது வளைய வேண்டிய குழாய், டர்பைனிலிருந்து வரும் சூடான, மிகை ஆக்சிஜன் கொண்ட உயரழுத்த வாயுவைச் சுமக்கும் குழாய். துருத்தி போல மடிப்பு மடிப்பான உலோகம் அது. அப்படிப்பட்ட வாயுவில் ஒரு துகள் உரசினால்கூட உலோகமே பற்றி எரியும்.

2025-இல் ஹைனான் தீவின் வென்சாங்கில் நடந்த இரண்டு சோதனைகளை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று முதல் கட்டத்தை ஏவுமேடையில் இறுகக் கட்டிவைத்து ஏழு எஞ்சின்களையும் ஒருசேர எரித்தார்கள். செப்டம்பர் 12 அன்று மறுபடி எரித்தார்கள், 320 வினாடி. இரண்டிலும் எதுவும் ஏவப்படவில்லை. நம்மூர் மகேந்திரகிரியில் 2022 ஜனவரி 12 அன்று ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் 720 வினாடி எரிந்ததே, அதே இனம். எஞ்சின் எரிந்தது, ராக்கெட் பறக்கவில்லை. 'ஏவி சோதித்தது சீனா' என்று இதற்குத் தலைப்பு வைத்தால் அது பிழை.

ஏன் இரண்டாவது முறை? அதில் எஞ்சின்களைக் குறைந்த விசையில் ஓட்டிப் பார்த்தார்கள், அணைத்து மறுபடி பற்றவைத்தும் பார்த்தார்கள். மேலே போவதற்கு மறுபற்றவைப்பு தேவையில்லை, கீழே வருவதற்குத்தான் தேவை. பக்க உடல்கள் இல்லாத 10ஏ என்ற இரண்டு கட்ட வடிவம் சீனாவின் தியான்கோங் விண்வெளி நிலையத்துக்கு ஆளும் சரக்கும் கொண்டுபோகும். அதன் முதல் கட்டம் திரும்பி வந்து, இறுக்கிக் கட்டிய கம்பிவடங்களில் கொக்கி மாட்டித் தொங்குவதாகத் திட்டம். ஆக அந்த 320 வினாடியில் திரும்பி வரும் பயணத்தின் ஒத்திகையும் அடங்கியிருந்தது. இந்த ஒரு வாக்கியம் செய்தியில் இருந்தால் போதும், படிப்பவருக்கு ஏன் என்று புரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கும் வாசகருக்கு சோவியத்தின் நிலா ராக்கெட் என்1-ஐச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் 30 எஞ்சின். 1969 முதல் 1972 வரை நான்கு முறை பறந்தது, நான்கும் தோல்வி. அந்த முதல் கட்டத்தை முழுதாகக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கவே இல்லை. 1969 ஜூலை 3 அன்று ஓர் ஆக்சிஜன் பம்பு வெடித்தது. கோளாறு கண்டறியும் அமைப்பு ஒன்றைத் தவிர எல்லா எஞ்சின்களையும் அணைத்துவிட்டது, ராக்கெட் ஏவுமேடை மேலேயே விழுந்தது. காவல்காரனே வீட்டைக் கொளுத்திய கதை. கோளாறு கண்டறியும் அமைப்பு மெத்தனமாக இருந்தால் ஆள் போய்விடுவார், பதற்றப்பட்டால் நல்ல ராக்கெட் போய்விடும். இரண்டுக்கும் நடுவே எல்லையை எங்கே போடுவது என்பதற்குத் தரையில் எரித்துச் சேர்க்கும் தரவுதான் ஆதாரம்.

தப்பிக்கும் ஏற்பாட்டுக்கு வருவோம். 2எஃப்-இல் கோபுரம் சுமார் 120-ஆவது வினாடி வரை மட்டும் மேலே இருக்கும். ஆபத்து என்றால் மூக்குக் கவசத்தின் மேல்பகுதியோடு விண்கலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், அப்போது நான்கு வலைக்கம்பிச் சிறகுகள் விரிந்து அது குட்டிக்கரணம் போடாமல் பிடிக்கும். கோபுரம் கழன்ற பிறகு கவசத்தில் உள்ள சிறு மோட்டார்கள், கவசமும் கழன்ற பிறகு விண்கலத்தின் சொந்த எஞ்சின். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு வழி.

நிலவுப் பயணத்துக்கான புதிய மெங்ஜோ விண்கலத்தில் ஒரு பொறுப்பு கைமாறியிருக்கிறது. ஷென்ஜோவில் தப்பிக்கவைப்பது ராக்கெட்காரர்கள் வேலை, தரைக்குப் பத்திரமாகக் கொண்டுவருவது விண்கலக்காரர்கள் வேலை. மெங்ஜோவில் இரண்டும் விண்கலத்தின் பொறுப்பு. 2025 ஜூன் 17 மதியம் 12.30-க்கு ஜியுசுவான் ஏவுதளத்தில் தரைமட்டத்திலிருந்து தப்பிக்கும் சோதனை நடந்தது. சுமார் 20 வினாடியில் கலம் கோபுரத்திலிருந்து பிரிந்தது, பாராசூட் விரிந்தது, 12.32-க்குக் காற்றுப்பைகள் மேல் வந்து உட்கார்ந்தது. அதில் லாங் மார்ச் 10 இல்லவே இல்லை. 'ராக்கெட் சோதனை' என்று எழுதினால் யார் செய்த வேலைக்கு யாருக்குப் பெயர் போகிறது பாருங்கள்.

தயார்நிலை என்பதும் ஆளேற்றும் ராக்கெட்டின் ஓர் உறுப்புதான். 2025 நவம்பர் 5 அன்று ஷென்ஜோ 20 திரும்புவதை ஒத்திவைத்தார்கள், காரணம் ஜன்னலில் நுண்ணிய விரிசல். அதன் மூவரும் நவம்பர் 14 அன்று ஷென்ஜோ 21-இல் இறங்கினார்கள். ஷென்ஜோ 21-இல் வந்து மேலே எஞ்சிய மூவருக்கு வீடு திரும்ப நம்பகமான வண்டி இல்லை. நவம்பர் 25 அன்று ஆளில்லாமல் ஷென்ஜோ 22 போனது. ஒன்று ஏவும்போது அடுத்ததைக் காத்திருப்பில் வைக்கும் வழக்கம் இருந்ததால் இது நடந்தது. 2எஃப்-இன் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் நச்சுப் பொருட்கள். சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருப்பவை, ஒன்றையொன்று தொட்டாலே பற்றுபவை. 10-இன் திரவ ஆக்சிஜனோ மைனஸ் 183 டிகிரியில் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு ஓடும் விஷயத்தில் புதியது பழையதைப் போல இருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி, இதுவரை தமிழில் யாரும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

சில்லறை விஷயங்கள் சில. லாங் மார்ச் 9 வேறு, 10 வேறு. எண் வரிசையை நம்பி 10-தான் பெரியது என்று எழுதாதீர்கள், 9-தான் பெரிய திட்டம். 10 தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 70 டன் தூக்கும், நிலவுப் பாதைக்கு 27 டன்தான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பினால் கதை கெடும். அமெரிக்காவின் அப்பல்லோ ராக்கெட்டான சாட்டர்ன் 5 நிலவுப் பாதைக்கு 45 டன்னுக்கு மேல் அனுப்பியது. அதனால்தான் சீனத் திட்டத்தில் இரண்டு ஏவுதல்: ஒன்றில் லான்யூ இறங்குகலம், இன்னொன்றில் ஆட்களோடு மெங்ஜோ, இரண்டும் நிலவைச் சுற்றும் பாதையில் சேரும். 2எஃப்-இன் விட்டம் 3.35 மீட்டராக நின்றது ரயில் பாதை அனுமதித்த அளவு என்பதால். 5 மீட்டர் உடல் ரயிலில் போகாது, கப்பலில்தான் போக வேண்டும், அதனால் ஏவுதளம் கடற்கரை வென்சாங்.

கடைசியாக நேரம். பெய்ஜிங் நேரத்தில் இரண்டரை மணி கழித்தால் சென்னைக்கும் கொழும்புக்கும் சரி. யாங் லிவெய் கிளம்பிய காலை 9 மணி நமக்கு 6.30. தேதியில் கவனம்: 2எஃப் முதல்முறை பறந்தது பெய்ஜிங்கில் 1999 நவம்பர் 20 காலை 6.30, நமக்கும் 20-ஆம் தேதி அதிகாலை 4 மணி. கிரீன்விச் நேரத்தில் எழுதும் ஆங்கிலப் பக்கங்களில் அது 19 என்றிருக்கும், அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உந்துவிசைப் பொறியியல் ஆசிரியர்களும் பொறியாளர்களும் சிலர்