தைவானுக்கு ஆள் அனுப்புறதுக்கு முன்னாடி சீனம் சொல்லிக்குடுங்க

தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல இருக்கற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தைவான்ல சின்ச்சு ஊர்ல இருக்கேன். பிஎச்டி படிக்க வந்து, இப்ப இங்கயே வேலை, ஆறு வருஷம் ஆச்சு. 2024 பிப்ரவரில இந்தியாவும் தைவானும் வேலைக்கு ஆள் எடுக்கறதுக்கு ஒப்பந்தம் போட்டதுல இருந்து, ஊர்ப்பக்கத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் போன் பண்ணி "அண்ணே ஃபேக்டரி வேலைக்கு வரலாமா, இங்கிலீஷ் இருந்தா சமாளிச்சுக்கலாமா"ன்னு கேக்கறாங்க. முடியாதுன்னுதான் சொல்றேன். ஏன்னு உங்களுக்கும் தெரியணும்னுதான் இந்த மடல்.

என்னால சமாளிக்க முடிஞ்சுது, இல்லன்னு சொல்லல. லேப்ல இங்கிலீஷ், தீசிஸ் இங்கிலீஷ், வீட்டு ஓனர் லைன்ங்கற மெசேஜ் ஆப்ல அனுப்பறத ட்ரான்ஸ்லேட் பண்ணி படிச்சுக்குவேன், கடைல வேணுங்கறத கை காட்டி வாங்கிக்குவேன். இப்படியே ரெண்டு வருஷம் ஓடிச்சு. அப்புறம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்து வலி, துடிச்சுட்டேன், டாக்ஸி புடிச்சு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போனா போன்ல சார்ஜ் இல்ல, ஆஃப் ஆயிடுச்சு. இங்க டாக்டருங்க இங்கிலீஷ் பேசுவாங்க, ஆனா டாக்டர பாக்கறதுக்கு முன்னாடி பதிவு பண்ற நர்ஸம்மா எங்க வலிக்குது, எப்ப இருந்து, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு கேட்ட எதுவுமே எனக்கு புரியல. பக்கத்துல கைல கட்டு போட்டு உக்காந்திருந்த ஒரு வியட்நாம் தம்பிதான், ஃபேக்டரில வேலை பாக்கறவன், எங்கிட்ட கை ஜாடைல கேட்டு கேட்டு நர்ஸ் கிட்ட சீனத்துல சொன்னான். அவனுக்கும் சரளமால்லாம் வராது, உடைஞ்ச சீனம்தான், ஆனா அது போதுமானதா இருந்துச்சு. ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி ஊர்ல ட்ரெயினிங் சென்டர்ல சில மாசம் படிச்சேன்னு அப்புறம் சொன்னான். இந்த வியட்நாம் தம்பிக்கு கிடைச்ச அந்த சில மாசம் நம்ம பசங்களுக்கும் கிடைக்கணும், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மூணு மாச சீன வகுப்பு, நான் கேக்கறது அவ்ளோதான்.

ட்ரான்ஸ்லேட் ஆப் இருக்கேன்னு தோணும். மெஷின்ல நிக்கறவன் கைல க்ளவுஸ் இருக்கும், நிறைய ஃபேக்டரில போனை லாக்கர்ல வெச்சுட்டுதான் உள்ளயே விடுவாங்க. பின்னாடி இருந்து லைன் லீடர் கத்துறார்னா "திங்"னு கத்துறாரா "க்வாய்"னு கத்துறாரான்னு அந்த செகண்ட்லயே புரியணும், முதல்ல சொன்னது நில்லு, ரெண்டாவது சீக்கிரம். இது ரெண்டும் தெரியாம ஒருத்தன பிரஸ் மெஷின் முன்னாடி நிறுத்தறது எவ்ளோ பெரிய ஆபத்துன்னு நினைச்சுப் பாருங்க.

சம்பள ஸ்லிப்பும் அப்படித்தான். வேலைக்கு ஆள் சேத்துவிடற புரோக்கர் மாசா மாசம் வாங்கற சர்வீஸ் ஃபீஸுக்கு இங்க உச்சவரம்பு இருக்கு, முதல் வருஷம் 1,800 தைவான் டாலர், ரெண்டாவது வருஷம் 1,700, அதுக்கப்புறம் 1,500. ஸ்லிப்ப படிக்கத் தெரிஞ்சவன்தான் கூட புடிச்சா கேப்பான். தொழிலாளிங்க புகார் சொல்றதுக்கு 1955னு ஒரு நம்பர் 24 மணி நேரமும் இருக்கு, நல்ல விஷயம், ஆனா அது சீனம், இங்கிலீஷ், வியட்நாம், இந்தோனேசியா, தாய் மொழிக்காரங்களுக்குன்னு ஆரம்பிச்சது. தமிழ் மட்டும் தெரிஞ்ச பையன் யார்கிட்ட பேசுவான்?

ஜெர்மனி போற நர்ஸுங்களுக்கு ஜெர்மன் சொல்லிக்குடுத்துதான அனுப்பறீங்க, ரொம்ப நல்லா பண்றீங்க. கொரியா ஃபேக்டரிக்கு போற இலங்கை, நேபாள பசங்க கொரியன் பரீட்சை பாஸ் பண்ணாதான் வேலைக்கு அப்ளை பண்ணவே முடியும். தைவானுக்கு மட்டும் ஏன் போய் கத்துக்கட்டும்னு விடணும்? 12 மணி நேரம் ஷிஃப்ட் முடிச்சுட்டு டார்மிட்டரிக்கு வர்றவனுக்கு உக்காந்து படிக்க தெம்பு இருக்காது.

ஆனா ஒண்ணு, வாத்தியார புடிக்கறப்ப தைவான் சீனம் தெரிஞ்சவங்களா பாருங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் சொல்லிக்குடுக்கறது சைனாவோட சுருக்கின எழுத்து, இங்க போர்டு, நோட்டீஸ் எல்லாம் பழைய முழு எழுத்து. வார்த்தையும் மாறும், குப்பைக்கு அங்க லாஜி, இங்க லெஸ. உச்சரிப்புல மத்தத பழகிக்கலாம், "ழ" வர்றவனுக்கு அவங்க "ரென்"ல வர்ற சத்தம் சுலபமா வந்துடும், தொனிதான் பிரச்சனை. மாய்னு குரல தாழ்த்தி சொன்னா வாங்கறது, மேல இருந்து வெட்டி இறக்குனா விக்கிறது. இத புத்தகத்துல படிக்க முடியாது, ஒருத்தர் வாயில இருந்து கேட்டு கேட்டுதான் வரும், அதனாலதான் மூணு மாச வகுப்பு வேணும்னு சொல்றேன், பத்து பக்க கையேடு அச்சடிச்சு குடுத்து அனுப்பிடாதீங்க.

எழுத்து எழுதவே வேணாம். அபாயம், ஹை வோல்டேஜ், தொடாதே, அவசர வழி, இந்த மாதிரி ஒரு 100 போர்டு பாத்தா அடையாளம் தெரியணும். எண்ணு தெரியணும், நமக்கு லட்சம் மாதிரி அவங்களுக்கு 10,000 ஒரு "வான்", சம்பளம் பேசுறதே அந்த கணக்குலதான். ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110, போன் பண்ணி தான் எங்க இருக்கோம்னு சொல்லத் தெரியணும்.

முதல் நாள் வகுப்புலயே இந்த நாலையும் வைங்க: "வோ ஹென் தோங்", எனக்கு ரொம்ப வலிக்குது. "வோ தீங் பு தோங்", எனக்கு புரியல. "மான் இ தியென்", கொஞ்சம் மெதுவா. "ஜியோ மிங்", காப்பாத்துங்க. இங்க என் கூட வேலை பாக்கற தைவான் நண்பர்கள் கிட்ட கேட்டுட்டேன், ஃபேக்டரில தினம் புழங்கற வார்த்தைங்கள தைவான் உச்சரிப்புல பேசி ரெக்கார்ட் பண்ணி தர்றோம்னு சொல்லிட்டாங்க. தமிழ் அர்த்தம் நான் சேத்துடறேன். காசு ஒண்ணும் வேணாம், எங்க அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க.