சேர்வராயன் மலைப் பூவும் நம் புளியமரமும்

வத்தலக்குண்டு,
செப்டம்பர் 7

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்து மறுபடி மலையேறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

சேர்வராயன் மலைப் புல்வெளியில் நீ பார்த்த வெள்ளைப் பூ ஆர்க்கிட்தான், சந்தேகமே வேண்டாம். ஹபெனேரியா வகை. அந்த வகையில் எது என்று சொல்லத்தான் படம் போதவில்லை. மூன்றையும் பூவுக்கு நேரெதிரே நின்று எடுத்திருக்கிறாய். இதன் அடையாளம் பக்கவாட்டில் இருக்கிறது. குனிந்து பார்த்தால், உதடு என்று நாங்கள் சொல்லும் கீழ் இதழின் அடியிலிருந்து வால் போல ஒரு குழாய் தொங்கும். தேன் இருப்பது அதற்குள். வால் எவ்வளவு நீளம், உதடு எத்தனையாகப் பிரிந்திருக்கிறது, அதன் ஓரம் நறுக்கிவிட்டது போல் இருக்கிறதா, இலை தரையோடு படிந்திருக்கிறதா தண்டில் ஏறியிருக்கிறதா, இவ்வளவும் தெரிந்தால்தான் பெயர் சொல்ல முடியும்.

போன வாரம் கொடைக்கானலுக்கு மேலே ஒரு புல்சரிவில் ஹபெனேரியா லாங்கிகார்னிகுலேட்டாவைப் பார்த்தேன். வால் என் நடுவிரலைவிட நீளம்! அந்தி சாயச் சாய வாசம் கூடிக்கொண்டே போனது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. ஒரு புல்தண்டை மெல்ல உள்ளே விட்டு எடுத்தேன். மஞ்சளாக ஒரு மகரந்தக் கட்டி பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. பூச்சியின் தலையிலும் இப்படித்தான் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது.

பத்தடி தள்ளி இளஞ்சிவப்புக் கதிராக சட்டீரியம் நேபாலென்ஸ். இதன் உதடு மேலே முக்காடு போட்டதுபோல் இருக்கும், பின்னால் இரண்டு வால். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டு விரிவதற்குள் காம்பு அரைவட்டம் முறுக்கிக்கொள்ளும், அதனால்தான் உதடு கீழே வருகிறது. சட்டீரியம் அப்படித் திரும்புவதில்லை. ஹபெனேரியாவின் பூவுக்குப் பின்னால் இருக்கும் பிஞ்சைப் பார், துணி பிழிந்தது போல அந்த முறுக்கு தெரியும்.

ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்து தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், செல்வம். மண்ணுக்குள்ளே இரண்டு கிழங்கு இருக்கும். இந்த வருஷத்துப் பூவுக்குச் சோறு போட்டுச் சுருங்குவது ஒன்று, அடுத்த வருஷத்துக்காகப் பருப்பது இன்னொன்று. தோண்டினால் இரண்டும் போகும். அதன் விதையோ தூசி மாதிரி. உள்ளே உணவே கிடையாது. மண்ணில் சரியான பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் புல்வெளியை நம்மால் தொட்டிக்குள் கொண்டுவர முடியுமா? வளர்ந்ததைப் பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சேலத்திலிருந்து உனக்கு எட்டிவிடும் தூரம்தானே.

ஊர் எல்லைப் புளியமரம் நினைவிருக்கிறதா? அதன் கிளையில் இருந்ததை நாம் புல்லுருவி என்று கல்லெறிவோமே, அதுவும் ஆர்க்கிட்தான், பெயர் வாண்டா டெசலேட்டா. மரத்தில் தங்கும், ஆனால் அதன் சாற்றை உறிஞ்சாது. சாலையை அகலப்படுத்த இரண்டு வருஷம் முன்பு மரத்தை வெட்டிவிட்டார்கள். லாரியில் ஏற்றும்முன் ஓடிப்போய், ஒரு துண்டுக் கிளையோடு அதை வாங்கிவந்து கொல்லை மாமரத்தில் தேங்காய் நாரால் கட்டினேன். வெள்ளை வேர்கள் இப்போது மாம்பட்டையைக் கவ்விவிட்டன. மழை பட்டதும் அவை பச்சையாக மாறும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த ஆனியில் ஏழு பூ பூத்தது. பழுப்பில் கட்டம் போட்ட இதழ், ஊதா உதடு. உன்னை நினைத்துக்கொண்டேன்.

பூ உதிர்வதற்குள் இன்னொரு தடவை போய்வா. பக்கவாட்டில் ஒரு படம், இலைக்கு ஒரு படம். அளவு தெரிய உன் விரலைப் பக்கத்தில் வைத்து எடு.

அன்புடன்,
முருகேசன்